பால்வண்ணத்தின் குடல்

ஜெபராணிக்கு வயிறு கலக்கியது. கலக்காவிட்டால்தான் அதிசயம். பத்தாம் வகுப்புப் பரீட்சையிலிருந்து ஒரு நல்லதுக்கும் கெட்டதுக்கும் இந்த வயிறு அவளை நிம்மதியாக விட்டதில்லை, ஆனால் இன்றைக்குக் காட்டுகிற ஆட்டம் என்றைக்கும் காட்டாத ஆட்டம். கழிப்பறை நடைவழிக்கு அந்தப் பக்கம்தான், எட்டிப் பிடிக்கிற தூரம். ஆனால் லேப் கதவுக்கு வெளியே பெஞ்சு, பெஞ்சில் வேலம்மாள். வேலம்மாளின் புருஷன் பால்வண்ணம், திருநெல்வேலி டவுனில் புரோட்டா மாஸ்டர், இன்று காலை ஆபரேஷன் மேஜையிலேயே இதயம் நின்று செத்துப்போனார். அதற்கு முன்பே வெட்டி எடுத்துவிட்ட அவருடைய பெருங்குடலில் நோய் தொடாத ஒரு துண்டு, உள்ளங்கையில் அடங்குகிற அளவு, இதோ ஜெபராணியின் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஊசி குத்தி விரித்துக் கிடக்கிறது, உயிரோடு. ஆமாம், உயிரோடுதான். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் ஒரு பக்கம் சொட்டுச் சொட்டாக வந்து மறுபக்கம் வடிகிறது, சிலிண்டரிலிருந்து வாயு குமிழ் குமிழாக ஏறுகிறது, ஆள் செத்த சேதி அந்தத் துண்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. வேலம்மாளுக்கு வந்து சேர்ந்துவிட்டது, அவள்தான் ஏற்கமாட்டேன் என்கிறாள். "அவுகள்ல கொஞ்சம் அந்த ரூமுக்குள்ள உசுரோட இருக்கு. அந்தப் பிள்ளைதான் சொல்லிச்சு. அது இருக்கையில பொணம்னு யாரும் சொல்லப்படாது, எடுக்கவும் விடமாட்டேன்" என்று பிணவறை வாசலில் சொந்தக்காரர்களோடு மல்லுக்கட்டிவிட்டு, யார் யாரையோ விசாரித்து இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பிள்ளை என்றது ஜெபராணியைத்தான்.

அப்படி என்னதான் சொல்லிவிட்டோம்? வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது, மறந்து தொலைத்தால் தேவலை. நேற்றுச் சாயங்காலம் வார்டுக்குப் போனபோது பால்வண்ணம் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆபரேஷனே வேண்டாம் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொல்லிக் கேட்கவில்லை, சிஸ்டர் சொல்லிக் கேட்கவில்லை, வேலம்மாள் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். ஜெபராணி பேசாமல் திரும்பி வந்திருக்கலாம். திரும்பினாளா? இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அண்ணாச்சி, வெட்டி எடுக்கிறதுல ஓரத்துல நல்லா இருக்க பகுதி கொஞ்சம் எங்க ஆராய்ச்சிக்குக் குடுங்க, அது எங்ககிட்ட வந்தபொறவும் சாகாது, சாயங்காலம் வரைக்கும் உயிரோட இருக்கும், நாங்க மருந்து விட்டா பதில் சொல்லும், என்றாள். இதுதான் அவள் வழக்கம். மற்ற ஆராய்ச்சி மாணவர்கள் கையெழுத்து வாங்கப் போனால் பாதி நோயாளிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், ஜெபராணி போனால் யாரும் மறுப்பதில்லை. சாகாது, பதில் சொல்லும், இந்த இரண்டும்தான் அவளுடைய கைச்சரக்கு. பால்வண்ணம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார், பிறகு கட்டில் குலுங்கச் சிரித்தார். "அப்போ நான் கட்டில்லயும் கெடப்பேன், ஒங்க ரூம்லயும் உசுரோட இருப்பேன். ஏ வேலம்மா, கேட்டியா, நாளைக்கு ஒனக்கு ரெண்டு புருசன்!" வேலம்மாளும் சிரித்தாள், ச்சீ, வாயைப் பாரு, என்று. அந்தச் சிரிப்பிலேயே அவர் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டார், இவளுக்கும் போட்டார், ஆபரேஷனுக்கும் போட்டார். சிஸ்டர் கூட, எப்படிம்மா வழிக்குக் கொண்டுவந்தே, என்று கேட்டாள். பெருமையாக இருந்தது. ஆமாம், பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? சிரிக்க வைத்திருக்காவிட்டால் அவர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார், இந்நேரம் கடையில் மாவு பிசைந்துகொண்டிருப்பார். போயிருந்தாலும் ஆறு மாதம் தாங்கியிருக்கமாட்டார், குடலில் கட்டி வளர்ந்து அடைப்பு விழுந்து வயிறு வீங்கிச் செத்திருப்பார். அது சரி, அந்த ஆறு மாதம் யாருடையது? அடைப்பு விழுந்திருக்கும். சிரித்தாரே. விழுந்திருக்கும். சிரித்தாரே.

வயிறு மறுபடியும் ஒரு சுருட்டுச் சுருட்டியது. இப்போதுதான் டியூட்டி டாக்டர் போன் செய்துவிட்டு வைத்தார், நல்ல மனுஷன், ஆனாலும் குரலில் சூடு. "என்ன மேடம் சொல்லி வச்சிருக்கீங்க அந்தம்மாகிட்ட? ஒரு பொட்டுக் கண்ணீர் இல்ல, பாடியை எடுக்க விடமாட்டேங்கிறாங்க, மாமன் மச்சான்லாம் என் சட்டையைப் பிடிக்கிறாங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்களாம், நீங்க சொன்னாத்தான் நம்புவாங்களாம். வந்து சொல்லுங்க, அவர் செத்துட்டார்னு." சரி சார், என்று சொன்னாள். சொல்லிவிட்டு வழிகாட்டிப் பேராசிரியரைக் கூப்பிட்டாள், அவர் டில்லியில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். "ரொம்ப வருத்தமான விஷயம்மா. ஆனா அது வேற, இது வேற. ஒப்புதல் முறையா இருக்கு. அந்தத் துண்டு இருக்கிறவரைக்கும் வேலையை முடி, அடைக்கிற மருந்தையும் போட்டுப் பாத்துடு, இந்த ஒண்ணு வந்தாத்தான் உன் தீசிஸ் நிக்கும்." அது வேற, இது வேற. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அவருக்கு. செத்துட்டார் என்று அவள் வாயால் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு உள்ளே வந்து அவருடைய நரம்பில் மருந்து விடவேண்டும். முதலில் எது? மருந்தை விட்டுவிட்டுப் போய்ச் சொல்லலாம். அதற்குள் வேலம்மாள் தானாக எழுந்து போய்விடமாட்டாளா என்ன? மாட்டாள். பெஞ்சு கிறீச்சிடும் சத்தம் கேட்கிறதே, இதோ, மறுபடியும். உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறாள்.

இந்த வயிற்றுக்குள் இப்போது நடப்பது என்ன என்று கேட்டால் ஜெபராணி தூக்கத்திலும் சொல்லுவாள். உடம்பிலுள்ள செரட்டோனின் எல்லாம் மூளையில் இருப்பதாக ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது, முக்கால்வாசிக்கும் மேல் குடலில்தான் இருக்கிறது. குடல் சுவரின் உட்பக்கத்தில் சில செல்கள் அதை மூட்டை கட்டி வைத்திருக்கும். சாப்பாடு வந்து இடித்தாலோ, விஷம் பட்டாலோ மூட்டை அவிழும். பயம் வந்தாலும் அந்த இடமெல்லாம் அமளிப்படும். செரட்டோனின் பக்கத்திலிருக்கிற நரம்பு செல்லின்மேல் போய் ஒட்டும், அங்கே அதற்கென்றே ஒரு கதவு, ரிசெப்டர் என்று பேர், அதிலும் மூன்றாம் வகைக் கதவு மகா அவசரக்காரன், தொட்டவுடன் திறந்துவிடும். உப்பு உள்ளே பாயும், செல்லில் ஒரு மின்னல் வெட்டு, அது அடுத்த செல்லுக்கு, அது தசைக்கு. இத்தனையும் மூளையை ஒரு வார்த்தை கேட்காமல். எலியிலும் பன்றியிலும் இதை எல்லோரும் பார்த்தாகிவிட்டது, மனுஷக் குடலில் பார்த்தவர்கள் குறைவு. நாம் பார்க்கிறோம் என்று உட்கார்ந்தவள் இவள். அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது. நாசரேத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்த அன்று, பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, எல்லாம் தயார், வாசலில் கார் நின்றதும் ஜெபராணி கழிப்பறைக்குள் போனவள் அவர்கள் காப்பி குடித்து மிக்ஸர் தின்று ஜெபம் பண்ணி முடிக்கும்வரை வெளியே வரவில்லை. "இந்த வயித்தை வச்சுக்கிட்டு நீ என்னட்டி செய்யப்போறே" என்று அம்மா அன்றைக்கு அழுதாள். வயிற்றைப் பற்றித்தான் படிக்கப்போகிறேன் என்றாள் இவள், அவ்வளவு ரோஷம். படித்து என்ன கண்டாள்? கதவின் பேர் தெரியும், கதவு திறக்கிற வேகம் தெரியும், கதவை அடைக்கிற மருந்து இதோ ஐஸ் பெட்டியில் இருக்கிறது. வாந்தி நிற்க வார்டில் போடுகிற ஊசிக்கு அண்ணன் தம்பிதான் அது. ஆனால் கதவுக்கு வெளியே ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தால் வயிறு கலக்குவதை நிறுத்தத் தெரியவில்லை. வெட்கக்கேடு.

பெடலில் கால் இருந்தது. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. தலைமயிரைவிடச் சன்னமான கண்ணாடிக்குழாயின் முனை நரம்பு முடிச்சுக்கு மேலே தொட்டும் தொடாமலும் நிற்கிறது, உள்ளே செரட்டோனின், மிதித்தால் ஒரு துளி பீச்சும். சாயம் ஏற்றிய செல்கள் கம்ப்யூட்டர் திரையில் திராட்சைக் கொத்துப்போல ஒட்டிக்கிடந்தன. காலையில் சதையை அடுக்கடுக்காக உரித்து இந்தப் படலத்தைக் கிழியாமல் எடுத்தபோது அவளுக்குப் பால்வண்ணத்தின் ஞாபகம் வந்தது. நான் மாவை வீசி விரிப்பேன், நீங்க என் குடலை விரிக்கப்போறீக, ரெண்டுலயும் அவசரப்பட்டா ஓட்டை விழும், என்று அவர் கண்ணடித்திருந்தார். அப்போது அவர் அங்கே தியேட்டரில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாரா? தியேட்டர் உதவியாள் தாசையா குடல் இருந்த ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, சீக்கிரம் பாருங்கம்மா, அங்க என்னமோ ஓட்டமா இருக்கு, என்று சொல்லிவிட்டுத்தானே போனார். என்ன ஓட்டம் என்று கேட்டாளா? கேட்கவில்லை. படலம் கிழியாமல் வந்ததே என்ற சந்தோஷம். கேட்டிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பாள், ஓடிப்போய்ச் செருகிவிடவா முடியும்? மிதித்தாள். மிதிக்கவேண்டும் என்று நினைக்கவில்லை, கால் மிதித்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு கொத்தில் ஒரு செல் பளிச்சென்றது, பக்கத்தில் இன்னொன்று, கீழே மூன்று, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தடித்துக்கொண்டு வெட்டி வெட்டி எரிந்து அடங்கின. அடேயப்பா. இவ்வளவு சுத்தமாக, இவ்வளவு சத்தமாக எந்தத் துண்டும் இதுவரை பதில் சொன்னதில்லை. ஜெபராணியின் கை தன்னால் தொடையில் ஒரு தட்டுத் தட்டியது. தட்டிய சத்தம் வெளியே கேட்டிருக்குமோ என்று உடனே உடம்பு கூசிப்போயிற்று. சே, என்ன ஜென்மம் இது. புருஷனைப் பறிகொடுத்தவள் கதவுக்கு அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம் தொடையைத் தட்டிக்கொண்டு. தட்டினதும் தட்டினாள், வயிறு இனிமேல் ஒரு நிமிஷம் பொறுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டது. படித்த படிப்பு, பட்ட வெட்கம், சொல்லவேண்டிய சாவு எதுவும் அதற்குப் பொருட்டில்லை. ஜெபராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வேலம்மாள் எழுந்து நின்றாள். கண்டாங்கிச் சேலை, கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை, அதற்குள் பால்வண்ணத்தின் சட்டையும் செருப்பும். முகம் வறண்டு கிடந்தது. ஏதோ கேட்க வாயெடுத்தவள் ஜெபராணியின் முகத்தையும் வயிற்றைப் பிடித்திருந்த கையையும் பார்த்தாள். "போயிட்டு வா தாயி," என்றாள் அமைதியாக. "அடக்கப்படாது. அவுகளும் இப்பிடித்தான், ஆறேழு மாசமா ஓடுன ஓட்டம் கொஞ்சமா? போ, நான் எங்கயும் போகல." ஜெபராணி ஓடினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்ததும் அழுகை வந்தது, வயிறும் கண்ணும் சேர்ந்து கொட்டின. இவளிடமா போய்ச் சொல்வது? திட்டியிருந்தால் சொல்லிவிடலாம். பாவி, என் புருசனை ஏமாத்திக் கையெழுத்து வாங்கினியே என்று மயிரைப் பிடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். போயிட்டு வா தாயி என்கிறாள். இங்கேயே இருந்துவிடலாமா, மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றைக்குப்போல, அவள் காத்திருந்து காத்திருந்து போகிறவரைக்கும்? அவர்கள் போனார்கள், இவள் போகமாட்டாள். முகத்தைக் கழுவினாள். ஒரே வார்த்தைதான், செத்துட்டாரு. இல்லை, தவறிட்டாரு. காலமாயிட்டாரு. அவரு போயிட்டாரும்மா. எங்கே போனார் என்று கேட்டால்? கையைத் துடைக்காமலே வெளியே வந்தாள்.

"இப்ப பரவாயில்லையா?" என்றாள் வேலம்மாள். "ஒரு வாய் சோடா குடி, சரியாப்போகும். நான் ஒண்ணு கேக்கணும் தாயி. மக சூரத்துல இருந்து கெளம்பிட்டா, நாளைக்குக் காலையிலதான் வந்து சேருவா. அவ அய்யாவ உசுரோட பாக்கணும்னு போன்ல கதறுதா. நீ சாயங்காலம் வரைக்கும்தான்னு சொன்னே. கொஞ்சம் கூட்டி, விடியிறவரைக்கும் வச்சிருக்க முடியாதா? ஒனக்குப் புண்ணியமாப் போகும்." ஜெபராணி வாயைத் திறந்தாள். செத்துட்டாரு என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்து, அங்கே உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றது. "அம்மா, அது... அது வெறும் துண்டும்மா. சதை மாதிரி. அவரு இல்ல." "தெரியும், நான் என்ன பச்சைப்பிள்ளையா? முழுசா இருக்காருன்னு நான் சொல்லல. கொஞ்சம் இருக்காருன்னுதானே சொல்லுதேன். நீ பேசினா பதில் சொல்லும்னே." பேசினால் என்று சொல்லவில்லை, மருந்து விட்டால் என்றுதான் சொன்னேன். இதையா இப்போது திருத்துவது? காட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. திரையில் ஒரு கொத்து செல், சாயம், வெளிச்சம், அவ்வளவுதான் என்று கண்ணால் பார்த்துவிட்டால் அவளுக்கே விளங்கிவிடும், நாம் சொல்லவேண்டியிருக்காது. "உள்ள வாங்கம்மா," என்றாள். சொன்ன உடனேயே தப்பு என்று தெரிந்தது. ஆனால் வேலம்மாள் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டாள்.

உள்ளே வந்தவள் முதலில் குமிழியைப் பார்த்தாள், பிறகு துண்டு கிடந்த கிண்ணத்தை, பிறகு திரையை. ஊசிகளை நெடுநேரம் பார்த்தாள். கை கூப்புவாளோ என்று ஜெபராணி பயந்தாள், கூப்பவில்லை. "இதா?" என்றாள். "இதாம்மா." "எங்க, பதில் சொல்லச் சொல்லு பாப்போம்." ஜெபராணி பெடலை மிதித்தாள். செல்கள் எரிந்தன, முன்பு எரிந்ததைப் போலவே, ஒன்றன்மேல் ஒன்று விழுந்தடித்துக்கொண்டு. வேலம்மாள் ஓர் அடி பின்னால் போனாள். பிளாஸ்டிக் பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "என்னத்த விட்டே?" "நம்ம குடல்லயே ஊறுற ஒண்ணுதாம்மா. வேற இல்ல." "அதுக்கு ஏன் இந்தத் துடி துடிக்குது?" ஜெபராணிக்குப் பதில் தெரியும், கதவு, உப்பு, மின்னல் வெட்டு, எல்லாம் தெரியும். வேலம்மாள் அவள் கையைப் பிடித்தாள், குளிர்ந்த கை. "அவுகளுக்கு வலிக்குதா தாயி?" இந்தக் கேள்வியை ஜெபராணி எதிர்பார்க்கவில்லை. உயிர் இருக்கிறதா என்று கேட்பாள், அவருக்குத் தெரியுமா என்று கேட்பாள், இதைக் கேட்பாள் என்று நினைக்கவில்லை. "இல்லம்மா, வலிக்காது, சத்தியமா வலிக்காது." "துடிக்குதே." "துடிச்சாலும் வலிக்காதும்மா." "துடிச்சா எப்பிடி வலிக்காம இருக்கும்? நீ படிச்ச பிள்ளை, மறைக்காமச் சொல்லு. ராத்திரி பூரா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு கெடப்பாக, கேட்டா வலி இல்லட்டின்னு சொல்லுவாக. எனக்குத் தெரியும்." "வலிக்கிறதுக்கு அவரு இல்லம்மா," என்றாள் ஜெபராணி. அவளே சொன்னாள், அவள் குரல்தான். "குடல் துடிச்சாலும் அதை வலின்னு சொல்ல ஒரு ஆள் வேணும்மா. அந்த ஆள் இல்ல. காலையிலயே போயிட்டாரு. அவருக்கு இனிமே எதுவும் வலிக்காது."

வேலம்மாள் பிடித்திருந்த கையை விட்டாள். திரையில் அடங்கிக் கிடந்த கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நிறுத்திரு," என்றாள். "ஆளில்லாம இது மட்டும் துடிக்கவேண்டாம். மக வந்து இதைப் பாக்கவேண்டாம்." ஐஸ் பெட்டியில் அடைக்கிற மருந்து இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம், அது போதும், தீசிஸ் நின்றுவிடும். ஒரு மணி நேரம் கழித்து நிறுத்தினால் இவளுக்கென்ன தெரியப்போகிறது? சரிம்மா, நீங்க போங்க, நான் நிறுத்திடுறேன் என்று சொன்னால் போய்விடுவாள், நம்புகிறவள். நேற்றும் நம்பினாள். ஜெபராணி சிலிண்டரின் திருகைப் பிடித்து வலப்பக்கம் திருப்பினாள், இறுகுகிறவரை திருப்பினாள். குமிழிகள் மெலிந்து, விட்டு விட்டு வந்து, நின்றன. "நின்னுட்டுதா?" என்றாள் வேலம்மாள். நிற்காது. கிண்ணத்தில் கரைந்திருக்கிற வாயு இருக்கிறது, செல்கள் லேசில் விடாது, இன்னும் கொஞ்ச நேரம் ஒன்றிரண்டு தன்னால் எரிந்துகொண்டுதான் இருக்கும். ஜெபராணி நகர்ந்து திரைக்கு முன்னால் வந்து முதுகால் அதை மறைத்துக்கொண்டு நின்றாள். "நின்னுடுச்சும்மா," என்றாள்.

வேலம்மாள் பையை நழுவவிட்டாள். செருப்பு ஒன்று தரையில் விழுந்தது. அதைப் பார்த்ததும் அப்படியே கீழே உட்கார்ந்து, இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டு, "ஏ என்னப் பெத்த ராசா, என்ன விட்டுட்டுப் போயிட்டீகளே" என்று காலையிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதாள். நடையில் ஆட்கள் ஓடிவருகிற சத்தம் கேட்டது. உப்புத் தண்ணீரின் குழாயை மூட மறந்திருப்பது ஜெபராணிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, முதுகுக்குப் பின்னால் அது வந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதை மூடவேண்டுமென்றால் நகரவேண்டும், நகர்ந்தால் வேலம்மாளுக்குத் திரை தெரியும். அவள் நகரவில்லை.